கற்பூரவல்லிக்கு வந்தவர்கள்

என் கணவர் சுரங்க வேலையை விட்டு ஊர் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டியும், ஈரத்துணியில் சுற்றிய நான்கு குச்சிகளும் கொண்டுவந்தார். யுத்தம் தொடங்க இன்னும் நான்கு வருஷம் இருந்தது. தர்மபுரியிலிருந்து வந்த பஸ் பென்னாகரத்தில் நின்று எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் இறங்கவில்லை. நான் ஏறிப் பார்த்தேன். கடைசி இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு சரியாவதற்காகக் காத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்து போனவர்தான். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருப்பது என் மாமனாரோ என்று ஒரு நொடி தோன்றிவிட்டது.

"பெட்டிய நீ எடு. குச்சிய நான் வெச்சிக்கறன்" என்றார்.

மைசூர்ச் சீமையில் ஏழு வருஷம் தரைக்கடியில் பாறை உடைத்தவர். நெஞ்சில் கல்தூள் படிந்துவிட்டது, இனிமேல் கீழே இறங்கக் கூடாது என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் குச்சிகளைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் ஒடித்துக் கொடுத்தாளாம். அவள் சொன்ன பெயரையே இவரும் சொன்னார்: தொட்டபத்ரெ. பெரிய இலை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்ததுமே வாசனை எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இது கற்பூரவல்லிங்க. எங்கூட்ல ஓமவல்லின்னு சொல்லுவாங்க."

"எதுவோ. அங்க இதப் போட்டு ஆவி புடிச்சா ரெண்டு மணி நேரம் நல்லா இருக்கும்."

நான் அப்போது பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். கம்பைநல்லூர்ப் பக்கம் சோளமும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஊரில் எங்களை வேதக்காரர் வீடு என்பார்கள். சேலத்தில் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் தங்கி டிரெயினிங் முடித்தேன். கல்யாணமான பிறகு எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டன. அதன் பிறகுதான் அவர் சுரங்கத்துக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். பட்டிருப்பேன். ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது தகரப் பெட்டியின் கனமும், ஒகேனக்கல் சாலையில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் பதினோரு இடத்தில் நாங்கள் நின்று நின்று நடந்ததும்தான்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லை ஒட்டி அந்தக் குச்சிகளை நட்டார். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், வழிந்தோடுகிற இடமாக இருக்க வேண்டும் என்று கல்லுக்குக் கீழே சரிவாக மண்ணைக் கூட்டினார். அந்த வேலைக்கே அரை நாள் ஆயிற்று. ஒரு வாரத்தில் நான்கும் துளிர்த்தன. இரண்டு மாதத்தில் எங்கே ஒரு குச்சி, எங்கே அடுத்த குச்சி என்று தெரியாமல் பரவிவிட்டது.

எங்கள் பள்ளியில் இயற்கைப் பாடம் என் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு செடியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பென்னாகரத்தில் பங்குனி, சித்திரையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? எருக்கும் ஊமத்தையும்தான். ஆகவே அந்தச் செடி எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போவேன். பிஞ்சுத் தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டச் சொல்வேன். உருளாது, நான்கு பட்டை தட்டும். துளசிக்கும் தும்பைக்கும் அப்படித்தான். இதுவும் அந்தக் குடும்பம் என்பேன். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அதற்கு மேல் ஜோடி தெற்கு வடக்காக இருக்கும். கீழ் இலைக்கு வெயிலை மறைக்காது. இலை நுங்குச் சதை போலத் தடிமனாக இருக்கும். ஒடித்தால் சடக்கென்று முறியும், விரல் நனையும். மழை இல்லாத நாளுக்காகத் தண்ணீரை அது அங்கேதான் வைத்திருக்கிறது. மேலே வெள்ளையாகப் பொடி மயிர், பூனைக்குட்டியின் காது போல. இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் அடிப்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவற்றுக்குள்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. கசக்கினால்தான் அது உடையும். சும்மா நிற்கிற செடிக்கு அவ்வளவு வாசனை கிடையாது.

பூவை மட்டும் இரண்டு வருஷம் காட்ட முடியவில்லை. மூன்றாம் வருஷம் தை மாதம் நுனியில் ஒரு முழத்துக்குக் கதிர் விட்டு, தட்டுத் தட்டாக வெளிர் ஊதாவில் பூத்தது. ஒவ்வொன்றும் உதடு பிரிந்த வாய் மாதிரி இருந்தது. அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு பெண் எழுந்து, "விதை எங்கீங்க வாத்தியாரம்மா?" என்று கேட்டாள். தேடினோம், விதை இல்லை. இது விதையை நம்பிப் பிழைக்கிற செடி இல்லை, கணு மண்ணைத் தொட்டால் அங்கே வேர் விடும், ஒரு செடியே பத்து வருஷம் கூட இருக்கும் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் என் வகுப்பில் இருந்த முப்பது பெண்களும் ஆளுக்கொரு கிளை கேட்டார்கள். கொடுத்தேன். இயற்கைப் பாடம் வீடு வரைக்கும் போகிறதே என்று எனக்கு அன்று பெருமைதான்.

அந்த வருஷங்களில் என் நாள் இப்படி இருந்தது. விடியும்போது எழுந்து பொதுக் கிணற்றில் ஆறு குடம் இறைத்து வருவேன். கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ செய்து வைப்பேன். அவருக்குக் கற்பூரவல்லி இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்க வேண்டும். போர்வைக்குள் அவர் இருமி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன், ஒரு தடவை மயங்கிச் சட்டியின் மேல் சாய்ந்துவிட்டார். பிறகு பள்ளிக்கூடம். சாயங்காலம் வந்தால் துணி, விறகு, மறுபடியும் குடம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லும்போது முழங்காலில் நின்றபடியே தூங்கிப்போயிருக்கிறேன். இலையால் அவருக்குக் குணம் ஆகவில்லை. ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நெஞ்சில் இருந்தது சளி இல்லை, கல். ஆனால் அந்த வாசனை ஏறும்போது மூச்சு உள்ளே போவது போல அவருக்கு இருந்தது.

பெண்கள் எப்போது வர ஆரம்பித்தார்கள் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. குழந்தைக்குச் சளி என்றால் கற்பூரவல்லிச் சாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீடு சாலையோரத்தில் இருந்தது, செடி பெரிதாக இருந்தது, வாத்தியாரம்மா வீட்டுச் செடி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ஒகேனக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் போகிற வழியில் நான்கு இலை கேட்பார்கள். பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தையை வாங்கி மடியில் வைத்து, இலையை அனலில் வாட்டி, துணியில் வைத்துப் பிழிந்து, இரண்டு சொட்டுத் தேனோடு அவரே நாக்கில் தடவுவார். நான் திரும்பும்போது, இன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள், ஐந்து பேர் வந்தார்கள் என்று சொல்வார். அப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். சுரங்கத்திலிருந்து வந்த பிறகு நான் அதைப் பார்த்தது அந்த நேரங்களில்தான்.

"இலை குடுங்க, வேணாங்கல. ஆனா மூச்சு வாங்கற கொழந்தைக்கும், ரெண்டு நாளா காச்ச விடாத கொழந்தைக்கும் தர்மாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லிட்டு அப்புறம் இலையக் குடுங்க" என்று நான் சொல்லிவைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதா?" என்பார்.

ஒரு மார்கழி மாதம். பனி அந்த வருஷம் அதிகம், ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு இருமல். ஒகேனக்கல் சாலையில் இரண்டு மைல் தள்ளி ஒரு ஆட்டுக்காரக் குடும்பம் இருந்தது. புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். மனைவி விறகு விற்பாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு பெண், எட்டு மாதத்தில் ஒரு பையன். நான் பள்ளியில் இருந்தபோது அவள் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து இலை வாங்கிப் போயிருக்கிறாள். மறுநாளும் வந்திருக்கிறாள். இரண்டு நாளும் அவர் என்னிடம் அவளைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தலைமை ஆசிரியைக்கு உடம்பு சரியில்லாமல் பள்ளியைச் சீக்கிரம் விட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் அவரும், கீழே அந்த ஆட்டுக்காரனின் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அவர் மடியில் இருந்தது. வாயைச் சுற்றி இலைச் சாறு பச்சையாகக் காய்ந்திருந்தது. நான் பையைக் கீழே வைப்பதற்குள் அதன் விலாவைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. என் இரண்டாவது குழந்தை அப்படித்தான் மூச்சு விட்டது.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"முந்தாநேத்திலிருந்துங்க. ஐயா சரியாயிடும்னாருங்க. நேத்துக் கொஞ்சம் பால் குடிச்சான்."

நான் அவரைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன், ஓடினேன். தாய் பின்னால் ஓடிவந்தாள். தர்மாஸ்பத்திரி ஊரின் மறு கோடியில் இருந்தது. டாக்டர் தர்மபுரிக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் குழந்தையை வாங்கி மேசையில் படுக்கவைத்து, காதை அதன் முதுகில் வைத்துக் கேட்டார். நிமோனியா என்றார். ஏதோ ஊசி போட்டார். நெஞ்சில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். நானும் அவளும் மாறி மாறித் துணியைப் பிழிந்தோம். பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டது.

அவள் உடனே அழவில்லை. குழந்தையின் வாயோரத்தில் இருந்த பச்சையை முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தாள்.

வெளியே வந்தபோது நான் கம்பவுண்டரைக் கேட்டேன், "ரெண்டு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா?"

அவர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். "பொழச்சிருக்கும்னும் சொல்ல மாட்டேன், பொழச்சிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன்ம்மா. இந்த நோய்க்கு எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு நாள் முன்னாடின்னா பாத்திருப்பேன், இல்லையா?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் கட்டிலில் அதே இடத்தில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"நான் சொல்லச் சொன்னதச் சொன்னீங்களா?"

அவர் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன்னு அவகிட்டச் சொன்னீங்களா, இல்லையா?"

"சொல்லல."

"ஏன்?"

அவர் நெடுநேரம் மூச்சை இழுத்தார். நடிப்பு இல்லை, நிஜமாகவே மூச்சு வரவில்லை. எனக்கு அப்போது அதைக்கூடப் பொறுக்க முடியவில்லை.

"மொத நாள் மடியில போட்டதும் தூங்கிட்டான். மறுநாள் வந்தப்ப என்னப் பாத்து சிரிச்சான். அவ, ஐயா கை பட்டா சரியாயிடுதுங்கன்னு சொன்னா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன்னு எனக்கு வாயில வரல" என்றார்.

நான் பின்பக்கம் போய்ச் செடியைப் பிடுங்கினேன். பிடுங்குவது சுலபமாக இருந்தது. வேர் ஆழம் போவதில்லை. அடித்தண்டு மட்டும் பழையதாகிக் கட்டை போல ஆகியிருந்தது, அதற்கு அரிவாள் எடுத்துவந்தேன். முழுவதையும் வாரி எருக்குழிக்குப் பக்கத்தில் கொட்டினேன். கை, புடவை, முடி எல்லாம் அந்த வாசனை. இரண்டு முறை குளித்தும் போகவில்லை. அவர் வந்து பார்க்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நாங்கள் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. நான் ஆவி பிடிக்க யூகலிப்டஸ் தைலம் வாங்கி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

அவரை மட்டும் குற்றம் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் செடியின் தண்டு எத்தனை பட்டை, இலை எப்படி அடுக்கு, புள்ளி எங்கே இருக்கிறது என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொடுத்தவள் நான். அது எதைச் செய்யாது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அது பாடத்தில் இல்லை.

பத்து நாள் கழித்து எருக்குழிப் பக்கம் போனேன். கொட்டிய குவியலில் ஓரத்துக் கிளைகள் நிமிர்ந்து நின்றன. மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் வெள்ளையாக வேர். அவற்றையும் வாரிக் காயவைத்தேன். அதே வாரம் கிணற்றடியில் ஒரு பெண் என்னிடம், "செடியப் புடுங்கிட்டீங்களாமே? பரவால்லீங்க, எங்கூட்ல நெறைய இருக்குது, உங்க செடிதான். வேணுங்கறப்ப வந்து எடுத்துக்கோங்க" என்றாள். அப்புறம்தான் கவனித்தேன். எங்கள் தெருவில், அடுத்த தெருவில், மாரியம்மன் கோவில் பின்புறம், உடைந்த பானையிலும் தகர டப்பாவிலும் அது இருந்தது. என் வகுப்புப் பெண்கள் எடுத்துப்போனது. விதை இல்லாத செடி என்பதால் அத்தனையும் ஒரே செடிதான், அந்த நான்கு குச்சிதான். எதை என்று பிடுங்குவது? நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் அந்த ஆட்டுக்காரப் பெண் நின்றாள். கூட அவளுடைய மகள். அந்தப் பெண் குழந்தை இருமியது.

"புள்ளைக்கு நாலு நாளா இருமலுங்க. கொஞ்சம் இலை குடுங்க" என்றாள்.

அவள் குத்திக்காட்டுவதற்காக வந்தாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இருமல் வந்தது, தெரிந்த இடத்துக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். அது எனக்கு வசவை விடக் கஷ்டமாக இருந்தது. "இலை இல்லம்மா, செடியப் புடுங்கிட்டேன்" என்று சொன்னேன்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார், மூலையில் இருந்த கம்பை எடுத்துக்கொண்டார்.

"வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

"நீங்க எங்கீங்க நடப்பீங்க? அவங்க போய்க்குவாங்க" என்றேன் நான்.

"நான் கூடப் போறன்."

அவள், "அங்க தனியாப் போனா நிக்கவெச்சே வெரட்டுவாங்கன்னு சொல்றாங்கய்யா. எனக்கு என்னா பேசறதுன்னு தெரியாதுங்க" என்றாள்.

"நான் பேசறன்" என்றார்.

மூன்று பேரும் சாலையில் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். நூறு அடிக்கு ஒரு முறை அவர் நின்றார். அந்தச் சிறு பெண் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். பள்ளிக்கு அன்று எனக்கு நேரமாகிவிட்டது. தலைமை ஆசிரியை எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தபோது அவர் கண் செருகிப் படுத்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. ஆனால் பேசினார்.

"கக்குவான் இருமலாம். மருந்து குடுத்திருக்காரு. பத்து நாள் கழிச்சி வரச் சொன்னாரு. நான் கூட்டிட்டு வர்றன்னு சொல்லிட்டன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பிறகு இலை கேட்டு யார் வந்தாலும் அவர் எழுந்து கம்பை எடுத்துக்கொள்வார். சிலர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். சிலர் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கம்பவுண்டர் சலித்துக்கொண்டார், சாதாரணச் சளிக்கெல்லாம் கூட்டம் சேர்க்கிறாரே என்று. கொஞ்ச நாளில் என் கணவர் வந்து உட்கார ஒரு முக்காலி போட்டுவிட்டார். அழைத்துப் போனவர்களில் பிழைத்தவர்கள் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. இரண்டையும் அவர் வந்து என்னிடம் சொல்வார். முன்பு இருந்த அந்தத் தெளிவு முகத்தில் வரவில்லை. செய்யவேண்டியதைச் செய்தவரைப் போலச் சொல்வார்.

எனக்கு அது பிடித்திருந்ததா என்றால், பல நாள் பிடிக்கவில்லை. அவர் ஒரு முறை நடந்து திரும்பினால் இரண்டு நாள் நான்தான் நெஞ்சு நீவ வேண்டும், நான்தான் மலச்சட்டி எடுக்க வேண்டும். "நீங்க செஞ்சது போதும், உங்களுக்குப் பாவமில்ல" என்று ஒரு நாள் சொன்னேன். "அதுக்குப் போகல" என்றார். எதற்குப் போகிறார் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓட்டினார்கள். மண்ணெண்ணெயும் அரிசியும் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்த கேழ்வரகிலும் கல் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துப் பாட்டில்கள் காலியாக நின்றன, மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னாவுக்கு வரிசை. அப்போதும் அவர் போனார். கம்பவுண்டர், "ஐயா, எங்கிட்ட ஒண்ணும் இல்ல, இலையவே குடுங்க" என்று ஒரு நாள் கைவிரித்துச் சொன்னாராம். அன்று கிணற்றடியில் என்னிடம் பேசிய பெண்ணின் வீட்டிலிருந்து இரண்டு கிளை கேட்டு வாங்கிவந்து, துவைக்கும் கல்லுக்குக் கீழே மறுபடியும் நட்டார். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். சளி வந்த குழந்தைக்கு இலை, மூச்சு வாங்குகிற குழந்தைக்கு ஆஸ்பத்திரி. நான் முதலில் சொல்லிவைத்தது அதுதான். அதற்கு வந்துசேர எங்களுக்கு ஒரு குழந்தையின் சாவு தேவைப்பட்டது.

யுத்தம் முடிவதற்கு ஒரு வருஷம் முன்னால், ஆனி மாதம், அவர் இறந்துபோனார். கடைசி இரண்டு மாதம் படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து அதன் மேல் குனிந்து உட்கார்ந்தபடியே இருந்தார். நான் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. பங்குச் சாமியார் தர்மபுரியிலிருந்து வர மறுநாள் ஆயிற்று. அடக்கத்துக்கு எனக்குப் பெயர் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அழுதேனா என்று நினைவில்லை. அன்று மத்தியானமே உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

அவர் போன பிறகும் வாசலில் ஆள் வந்தது. பள்ளி விட்டு வருவதற்குள் இரண்டு பேர் காத்திருப்பார்கள். குடம் எடுக்காமல், வாய் நனைக்காமல், அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறு கோடிக்கு நடப்பேன். எரிச்சலோடுதான் நடந்தேன். இரண்டு மூன்று முறை, வீட்டில் ஆள் இருப்பது தெரியக் கூடாதென்று உள்ளே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். வெளியே குழந்தை இருமும். கடைசியில் எழுந்து கதவைத் திறப்பேன்.

அப்படி ஒரு நாள் திறந்தபோது அந்த ஆட்டுக்காரப் பெண் நின்றாள். கூட, குழந்தையோடு வேறு ஒருத்தி. "விறகு போட்டுட்டு வந்தனுங்க. இவ உங்க வாசல்ல நின்னா. நீங்க படுங்க, நான் கூட்டிக்கிட்டுப் போறன்" என்றாள்.

"உனக்கு அங்க பேச வருமா?"

"ஐயா கூட எத்தன தரம் போயிருக்கறன். வருதுங்க."

அன்றிலிருந்து சந்தை நாளிலும், விறகு கொண்டுவரும் நாளிலும் அவளே அழைத்துப் போனாள். கம்பவுண்டரிடம் சண்டை போட்டு வரிசையில் முன்னால் நிறுத்துவாள் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய மகளை, அவர் இருக்கும்போதே, நான் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தாள், கணக்கில் கெட்டிக்காரி.

சுதந்திரம் வந்த வருஷம் என்னை ஏரியூர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் ஏற்றிவிட அவள் வந்தாள். சாமான்களை மேலே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நின்றாள். டிரைவர் வர நேரமாயிற்று. அவ்வளவு வருஷமாக இரண்டு பேரும் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அவள் கேட்டாள்.

"ஐயாவுக்குக் கடைசி வரைக்கும் மனசுல அது இருந்துச்சுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "எனக்கும் இருக்குதுங்க. மொத நாளே அவன் மூச்சு சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க. ஆஸ்பத்திரின்னா பயம். அதான் உங்கூட்டுக்கு வந்தன். ஐயாகிட்ட அதச் சொல்லல. சொல்லியிருந்தா அவருக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும், இல்லீங்களா?"

ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். விறகு கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை அவளுடையது. பஸ் கிளம்பும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைச்சும்மாட்டைச் சரி செய்துகொண்டு சந்தைப் பக்கம் திரும்பி நடந்தாள். அன்று சந்தை நாள்.